ஒரு மூலையில் பாறை, மறுமூலையில் களிமண்: மனையின் மண் பரிசோதனைக்கு ஒரு துளை போதுமா?

வாசகர் கேள்வி: சென்னை மேடவாக்கத்துக்குத் தெற்கே எனக்கும் என் தம்பிகள் இருவருக்கும் பொதுவாக 12 கிரவுண்டு நிலம் இருக்கிறது. மேற்கே சிறு குன்று. கிழக்கே நிலம் தாழ்ந்து சதுப்பை நோக்கிப் போகிறது. தாழ்வான பகுதியை எங்கள் தந்தையார் பல ஆண்டுகளுக்கு முன் கட்டட இடிபாடும் மண்ணும் கொட்டி உயர்த்தினார். தரைக்குக் கீழே ஒரு வாகன நிறுத்தத் தளமும், மேலே தரைத்தளமும் 4 மாடிகளும் கொண்ட குடியிருப்பு கட்டுவதற்கு ஒரு கட்டுமான நிறுவனத்துடன் கூட்டு ஒப்பந்தம் பேசி வருகிறோம். நிறுவனத்தார் தென்மேற்கு மூலையில் ஒரே ஒரு துளை போட்டு, “4.5 மீட்டரில் பாறை, தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 25 டன்” என்று இரண்டு பக்க அறிக்கை தந்திருக்கிறார்கள். பாறைக்குள் மேலும் துளைப்பது வீண்செலவு என்கிறார்கள். கிழக்கு வீட்டாரோ தங்கள் போர்வெல்லுக்கு 42 அடி கேசிங் பைப் இறக்கியதாகச் சொல்கிறார்கள். ஒரு துளை போதுமா? பாறை வந்துவிட்டது என்ற பிறகும் சோதிக்க வேண்டுமா? நாங்கள் எவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்?

பதில்:

உங்கள் கடிதத்தில் நான் இரண்டாம் முறை படித்த வரி, கிழக்கு வீட்டாரின் 42 அடி கேசிங் பைப் பற்றியது. போர்வெல் போடுகிறவர்கள் சரியக்கூடிய மண்ணையும் நொறுங்கிய பாறையையும் தாண்டிக் கெட்டிப் பாறை வரும்வரைதான் கேசிங் இறக்குவார்கள். அடிக்கணக்கில் காசு என்பதால் வீட்டுக்காரர் யாரும் ஓர் அடிகூட வேண்டாமல் வாங்குவதில்லை. ஆக, அந்த வீட்டில் கெட்டிப் பாறை சுமார் 13 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது; உங்கள் தென்மேற்கு மூலையிலோ 4.5 மீட்டரில் இருப்பதாக அறிக்கை சொல்கிறது. இவ்விரண்டும் உண்மையென்றால், உங்கள் நிலத்துக்குள்ளேயே பாறையின் மேற்பரப்பு எட்டு மீட்டருக்கு மேல் சரிந்து இறங்குகிறது. அறிக்கையில் கண்டது உண்மையில்லை என்றால், அவர்கள் தொட்டது அடிப்பாறையே இல்லை. எப்படிப் பார்த்தாலும் ஒரு துளை போதாது. அண்டை வீட்டார் அந்த போர்வெல் பில்லை வைத்திருந்தால் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். மேற்குப் பக்கத்து வீடுகளிலும் விசாரியுங்கள்.

உங்கள் பகுதியின் தரையமைப்பும் இதையே எதிர்பார்க்க வைக்கிறது. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் தரைக்கு மேலே தலைகாட்டுகிற சார்னோகைட் பாறைதான் (பரங்கிமலையில் உள்ள பாறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாகவே அறிவிக்கப்பட்டிருக்கிறது) அந்தப் பக்கத்துக் குன்றுகளுக்கும் அடியாதாரம். கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பை நெருங்க நெருங்க அதன்மேல் கருமையான, மெல்லிய களிமண் படிந்திருக்கிறது. குன்றின் அடிவாரத்துக்கும் சதுப்பின் விளிம்புக்கும் நடுவில் உள்ள மனைகளில் இரண்டும் ஒரே வேலிக்குள் வந்துவிடுவது இயல்பு.

இப்போது அந்த 25 டன்னைப் பார்ப்போம். கட்டட விதித்தொகுப்பில் ஆரம்பநிலை மதிப்பீட்டுக்காகத் தரப்பட்டுள்ள அட்டவணை, வெடிப்பற்ற கெட்டிப் பாறைக்குச் சதுர மீட்டருக்கு 3,240 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 330 டன் என்கிறது. கட்டைவிரலால் ஓரளவு அழுத்தினாலே பதிகிற மெல்லிய களிமண்ணுக்கு 100 கிலோநியூட்டன், அதாவது சுமார் 10 டன் என்கிறது. விரல் எளிதாக உள்ளே போய்விடுகிற களிமண்ணுக்கு அதிலும் பாதிதான். அறிக்கை சொல்வதுபோல் அங்கே நல்ல பாறை இருந்தால் 25 டன் என்பது மிகக் குறைவு. கிழக்கே இருக்கும் களிமண்ணுக்கோ மிக அதிகம். உங்கள் நிலத்தில் உள்ள எதற்குமே உரியதாகத் தோன்றாத இந்த எண், சோதனையிலிருந்து வந்ததைவிட வழக்கமாக எழுதப்படும் எண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கருதுகிறேன். மேலும், தாங்குதிறன் என்பது மண்ணுக்கு மட்டுமே உரிய குணம் இல்லை. அடித்தளம் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழத்தில் அமைகிறது, கட்டடம் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குவதை (இறக்கம்) அனுமதிக்கிறோம் என்பவற்றைப் பொறுத்து அது மாறும். இவை மூன்றும் குறிப்பிடப்படாத தாங்குதிறனைக் கட்டமைப்புப் பொறியாளர் பயன்படுத்தவே கூடாது.

ஆனால் உங்கள் நிலத்தில் தாங்குதிறனைவிட என்னை அதிகம் உறுத்துவது, கட்டடத்தின் ஒரு பாதி இறங்கி மறுபாதி இறங்காமல் நிற்கும் நிலைமை. பாறையில் உட்கார்ந்த தூண் அநேகமாக அசையாது. களிமண்ணில் உட்கார்ந்த தூண் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாக இறங்கும். தனித்தனி ஃபுட்டிங்குகளில் (தூணுக்கு அடியில் போடும் கான்கிரீட் மேடைகளில்) நிற்கும் கான்கிரீட் சட்டகக் கட்டடங்களுக்கு, அடுத்தடுத்த இரு தூண்களுக்கு இடையிலான இறக்க வேறுபாடு தூண் இடைவெளியில் 0.0015 பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது ஐ.எஸ். 1904 என்ற இந்தியத் தர விதி தரும் வரம்பு. தூண்களுக்கு இடையே 6 மீட்டர் என்றால் 9 மில்லிமீட்டர், அவ்வளவே. களிமண்ணில் 30, 40 மில்லிமீட்டர் இறக்கம் பெரிய விஷயமில்லை, ஆனால் அந்த இறக்கம் நகராத தூணுக்குப் பக்கத்தில் நடந்தால் உத்திரமும் சுவரும் விரிசல் விடும். பாறை எந்தக் கோட்டில் சரியத் தொடங்குகிறது என்று தெரிந்தால், கட்டடத்தை அந்தக் கோட்டில் இணைப்பு இடைவெளி விட்டு இரண்டாகப் பிரிக்கலாம்; கிழக்குப் பகுதியைப் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போட்டுப் பாறையில் ஊன்றலாம்; கட்டடத்தையே மேற்கே நகர்த்தித் தாழ்வான பகுதியைத் திறந்தவெளியாக விடலாம். இவற்றில் எது சரி என்பதைக் கட்டட வரைபடம் உறுதியாவதற்கு முன்பு முடிவு செய்தால்தான் பயன். அதனால்தான் பரிசோதனையை இப்போதே செய்யச் சொல்கிறேன்.

எத்தனை துளைகள்? ஐ.எஸ். 1892, சுமார் 0.4 ஹெக்டேர் பரப்புள்ள கட்டட மனைக்கு நான்கு மூலைகளில் ஒவ்வொன்றும் நடுவில் ஒன்றும் போதும் என்கிறது. உங்கள் 12 கிரவுண்டு 0.27 ஹெக்டேர் அளவுதான் வரும் என்பதால், மூன்று போதுமே என்று நிறுவனத்தார் வாதிடக்கூடும். தரை ஒரே சீராக இருக்கும் இடத்தில் நானும் அதை ஏற்றுக்கொள்வேன். உங்கள் இடத்தில் முதலில் ஐந்து துளைகள் போட்டு, அவற்றின் விவரங்களைப் பார்த்த பிறகு, பாறை சரியும் இடத்தை நெருக்கிப் பிடிக்க மேலும் இரண்டை எங்கே போடுவது என்று தீர்மானிக்க வேண்டும். அந்த இரண்டின் இடத்தை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துவிடாதீர்கள். ஒவ்வொரு துளையின் வாய்மட்டமும் ஒரே நிலையான குறியிலிருந்து லெவல் கருவியால் அளந்து எழுதப்பட வேண்டும், சரிவான நிலத்தில் “4.5 மீட்டர்” என்று மட்டும் சொன்னால், எங்கிருந்து என்ற கேள்வி மிஞ்சும்.

துளை போடும்போது உங்களில் ஒருவர் அருகில் இருந்து இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும். முதலாவது, மண் எவ்வளவு கெட்டி என்பதை அடித்துப் பார்க்கும் எஸ்.பி.டி. சோதனை. 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, பிளவுக் குழாய் ஒன்றை மண்ணுக்குள் 45 சென்டிமீட்டர் இறக்குவார்கள். ஒவ்வொரு 15 சென்டிமீட்டருக்கும் எத்தனை முறை அடித்தார்கள் என்று தனித்தனியே எழுதி, முதல் பதினைந்தை விட்டுவிட்டு, கடைசி 30 சென்டிமீட்டருக்கான அடிகளைக் கூட்டினால் வருவதே ‘என்’ மதிப்பு. வின்ச்சில் கயிறு சுற்றி இழுக்கும் ஆட்கள் நேரம் ஆக ஆகச் சுத்தியலை அறுபது, ஐம்பது என்று குறைத்துத் தூக்குவதும், கயிறு உருளையில் உரசி வேகத்தைத் தின்பதும் எங்கும் நடப்பவை. அடியின் வலு குறைந்தால் எண்ணிக்கை கூடும். எண்ணிக்கை கூடினால் மெல்லிய மண் தாளில் வலுவான மண்ணாக மாறிவிடும். வழிகாட்டிக் கம்பியில் 75 சென்டிமீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போடச் சொல்லி, சுத்தியல் அந்தக் கோட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். குறிப்பேட்டில் “என் > 50” என்று மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள், “14, 31, 6 செ.மீ.க்கு 50” என்பதுபோல் அடிகள் பிரித்து எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, பாறை. நிறுவனத்தார் வீண்செலவு என்கிற பகுதி இதுதான். உங்கள் மனையில் அதிகம் செலவழிக்க வேண்டியதும் இதற்குத்தான். சுத்தியலடிக்குக் குழாய் இறங்க மறுத்தது என்பதால் மட்டும் அது பாறை ஆகிவிடாது. சார்னோகைட் பாறையில் இயற்கையாகவே குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் உண்டு. மழைநீர் அந்த வெடிப்புகளின் வழியே இறங்கிக் காலப்போக்கில் பாறையைப் பக்கவாட்டிலிருந்து மண்ணாக்குகிறது. நடுவில் இருக்கும் பகுதி மட்டும் கெட்டியாக, உருண்டையாக மிஞ்சுகிறது. பழைய குவாரிச் சுவர்களில் பழுப்பு மண்ணுக்குள் கருநீல உருண்டைக் கற்கள் பதிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு கல்லின் தலையில் குழாய் மோதினால் எவ்வளவு அடித்தாலும் இறங்காது. அதற்கு ஒரு மீட்டருக்குக் கீழே மறுபடியும் மண் இருக்கலாம். உங்கள் தென்மேற்குத் துளை 4.5 மீட்டரில் நிறுத்தப்பட்டதால், அடியில் இருப்பது மலையா, உருண்டைக் கல்லா என்று அறிக்கை எழுதியவருக்கும் தெரிய வாய்ப்பில்லை.

இதைத் தெளிவாக்க, வைர முனை பொருத்திய இரட்டைக் குழாய் கொண்டு பாறைக்குள் சுழற்றித் துளைத்து, சுமார் 54 மில்லிமீட்டர் விட்டமுள்ள கல்தண்டுகளாக வெளியே எடுக்க வேண்டும். ஒற்றைக் குழாயில் எடுத்தால், நொறுங்கிய பாறை கழுவிக்கொண்டு போய்விடும். கெட்டியான துண்டு மட்டும் மிஞ்சி, எல்லாம் நல்ல பாறைபோலத் தோன்றும். ஒவ்வொரு துளையிலும் குறைந்தது 3 மீட்டர், இரண்டு துளைகளிலாவது 5 மீட்டர் இவ்வாறு போக வேண்டும். எடுத்த தண்டுகளை ஆழ வரிசைப்படி மரப்பெட்டியில் அடுக்கி, ஒவ்வொரு ஓட்டத்தின் (ஒரே மூச்சில் துளைத்து எடுத்த நீளத்தின்) தொடக்க முடிவு ஆழங்களையும் எழுதி, பெட்டியை நனைத்து வண்ணப் புகைப்படம் எடுக்கச் சொல்லுங்கள். ஈரத்தில் வெடிப்புகள் தெளிவாகத் தெரியும்.

அந்தப் பெட்டியைப் பார்த்து நீங்களே சரிபார்க்கக் கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. 1.5 மீட்டர் துளைத்ததில் 1.2 மீட்டர் நீளத்துக்குக் கல் கிடைத்தால், மீட்பு 80 விழுக்காடு. அதே ஓட்டத்தில் 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள துண்டுகளை மட்டும் கூட்டினால் 60 சென்டிமீட்டர் வருகிறது என்றால், ஆர்.க்யூ.டி. எனப்படும் பாறைத் தர அளவு 40 விழுக்காடு. ஐம்பதுக்குக் கீழே இருப்பது தரக்குறைவான பாறை, எழுபத்தைந்துக்கு மேல் இருப்பது நல்ல பாறை என்பது பொதுவான வகைப்பாடு. துளைக்கும்போது இயந்திரத்தின் அதிர்வில் முறிந்த இடத்தை வெடிப்பாக எண்ணக் கூடாது: புதிய முறிவு பளிச்சென்று சுத்தமாக இருக்கும், இயற்கை வெடிப்பின் முகத்தில் இரும்புக்கறையோ களிமண் படலமோ ஒட்டியிருக்கும். அந்தப் படலத்தைத்தான் பொறியாளர் தேடுவார். நல்ல சார்னோகைட் துண்டை அழுத்தி உடைத்தால் அதன் வலிமை பொதுவாக 100 மெகாபாஸ்கலைத் தாண்டும். நீங்கள் போடப்போகும் கான்கிரீட் 25 அல்லது 30 தான். எனவே கல்லின் வலிமையைப் பற்றி நான் கவலைப்படவில்லை. வெடிப்புகள் எவ்வளவு நெருக்கம், அவற்றுக்குள் என்ன அடைந்திருக்கிறது, கல்லுக்கு அடியில் மண்பட்டை உண்டா என்பவையே அடித்தளத்தைத் தீர்மானிக்கும்.

நிறுவனத்தாரிடம் சொல்ல இன்னொரு நியாயமும் உண்டு. கீழ்த்தளத்துக்காக மேற்குப் பக்கம் தோண்டும்போது இதே பாறையைத்தான் உடைத்தாக வேண்டும். குடியிருப்புகளுக்கு நடுவே வெடி வைக்க இயலாது, பிரேக்கரால் குடைய வேண்டும். ஆர்.க்யூ.டி. 20 உள்ள பாறையை உடைக்கும் செலவும் 85 உள்ள பாறையை உடைக்கும் செலவும் ஒன்றில்லை. இப்போது துளைக்க மறுக்கிறவர்கள், எதிர்பாராத பாறை என்று சொல்லிப் பின்னால் உங்கள் பங்கில் கழித்துக்கொள்ளக் கேட்க மாட்டார்கள் என்பதற்கு ஒப்பந்தத்தில் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

கிழக்குப் பக்கத்தில் வேலையின் தன்மை வேறு. சதுப்புக் களிமண்ணில் எஸ்.பி.டி. எண்ணிக்கை இரண்டு, மூன்று என்றுதான் வரும். அதை வைத்துக்கொண்டு எதையும் கணக்கிட முடியாது. களிமண்ணின் வலிமையை அது இருக்கும் இடத்திலேயே நான்கு இறக்கை கொண்ட வேன் கருவியைத் திருகி அளக்க வேண்டும். இறக்கத்தைக் கணக்கிட, மெல்லிய சுவர்க் குழாயை நிதானமாக அழுத்திக் கலையாத மாதிரி எடுத்து, இரு முனைகளிலும் மெழுகு ஊற்றி அடைத்து, வெயில் படாமல் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே செய்யும் அமுக்கச் சோதனையில் எடையைப் படிப்படியாக இரட்டித்து, ஒவ்வொரு படியையும் 24 மணி நேரம் வைத்திருப்பார்கள். ஆறு படி என்றால் ஆறு நாள். துளை போட்ட மூன்றாம் நாளே வரும் அறிக்கையில் இந்தச் சோதனை முடிவு இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம்.

தந்தையார் கொட்டிய மேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த நிரப்பலின் மீது எந்த அடித்தளமும் அமையக் கூடாது. அதற்குள் என்னென்ன கிடக்கிறது என்று பார்க்கத் துளை வேண்டாம், ஜேசிபி வைத்து மூன்று இடங்களில் குழி தோண்டினால் போதும். அதோடு, 2 மீட்டர் உயரத்துக்குக் கொட்டியிருந்தால் அதுவே சதுர மீட்டருக்குச் சுமார் 3.5 டன் எடை; ஒரு மாடிக்குச் சராசரியாக 1 முதல் 1.2 டன் என்று வைத்தால், ஏறக்குறைய மூன்று மாடிகளின் சுமை இத்தனை ஆண்டுகளாக அந்தக் களிமண்மேல் உட்கார்ந்திருக்கிறது. களிமண் அந்தச் சுமைக்கு அமுங்கி முடித்துவிட்டதா, இன்னும் அமுங்கிக்கொண்டிருக்கிறதா என்பதை மேற்சொன்ன சோதனை ஓரளவு காட்டும். இன்னும் அமுங்குகிறது என்றால், அங்கே போடும் பைல்களை அந்த மண்ணே கீழ்நோக்கி இழுக்கும். அந்த இழுப்பையும் சேர்த்தே பைலை வடிவமைக்க வேண்டும். நிரப்பலுக்கு முன் நிலம் எப்படி இருந்தது என்பதற்குக் கூகுள் எர்த்தில் உள்ள பழைய செயற்கைக்கோள் படங்களையும், புல வரைபடத்தையும், வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டையும் பாருங்கள். வாய்க்காலோ தாங்கலோ அந்தப் பக்கம் இருந்திருந்தால் துளைகளின் இடத்தை முடிவுசெய்ய அது உதவும். சட்டச் சிக்கல் ஏதேனும் இருந்தாலும் முன்னதாகவே தெரிந்துவிடும்.

இடத்தைப் பார்க்காமலே சிலர் “பிளேட் லோடு டெஸ்ட்” செய்தால் போதும் என்பார்கள். 60 சென்டிமீட்டர் தகட்டின்மேல் எடை ஏற்றும் அந்தச் சோதனை, தகட்டின் அகலத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு ஆழம்வரை உள்ள மண்ணைத்தான் உணரும். மேலே ஒரு மீட்டர் காய்ந்த கெட்டி மண்ணும் கீழே சேறும் இருந்தால், சோதனை நன்றாக இருக்கிறது என்றே சொல்லும். துளைகளுக்கு மாற்றாக அதை ஏற்காதீர்கள்.

நீரைப் பொறுத்தவரை, துளை போட்ட அன்று கண்ட நீர்மட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். கோடையில் போட்ட துளையில் 5 மீட்டரில் இருக்கும் நீர், வடகிழக்குப் பருவமழையின் முடிவில் தரையை ஒட்டி நிற்கலாம். 2015 டிசம்பரில் அந்தப் பகுதி எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. சுற்றியுள்ள மண்ணில் நீர்மட்டம் கீழ்த்தளத்தின் அடிப்பலகையைவிட 3 மீட்டர் உயரத்தில் நின்றால், அது சதுர மீட்டருக்கு 3 டன் விசையோடு தளத்தை மேலே தள்ளும். கட்டடம் முழுதாக எழுந்த பின் அதன் எடை இதைச் சமாளிக்கும். அடிப்பலகையும் சுற்றுச்சுவரும் மட்டும் கட்டி முடித்த நிலையில் மழைக்காலம் வந்து, நீரிறைக்கும் மோட்டாரும் நின்றுபோனால், அந்தக் கான்கிரீட் பெட்டியே மிதக்கத் தொடங்கும். மேலே கட்டடம் இல்லாமல் வாகன நிறுத்தம் மட்டும் நீளும் பகுதிகளுக்கு இந்த ஆபத்து என்றைக்கும் உண்டு. அதனால் இரண்டு துளைகளை மூடிவிடாமல் துளையிட்ட குழாய் இறக்கி, டிசம்பர் முடியும்வரை வாரம் ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்து வாருங்கள். அதே நீரிலும் மண்ணிலும் சல்பேட், குளோரைடு அளவுகளைச் சோதிக்கச் சொல்லுங்கள். எந்தச் சிமெண்ட், கம்பியை மூடும் கான்கிரீட் எவ்வளவு கனம் என்பது அதைப் பொறுத்தது.

செய்ய வேண்டிய ஒழுங்கு இது. முதலில் நிறுவனத்தாரிடம் பழைய துளையின் களக் குறிப்பேட்டையும், பாறை எடுத்திருந்தால் அந்தப் பெட்டியையும் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்த அறிக்கையை ஒதுக்கிவிடலாம். புதிய பரிசோதனையின் வேலைப்பட்டியலைக் கட்டமைப்புப் பொறியாளர் எழுதட்டும். ஆய்வகத்தை நில உரிமையாளர்களாகிய நீங்கள் நியமித்து, அறிக்கை இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் வரும்படி செய்யுங்கள். செலவை எப்படிப் பகிர்வது என்பதைப் பேசிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், முழுச் செலவையும் நீங்களே ஏற்க நேர்ந்தாலும் நியமிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருப்பதோடு, நீங்கள் கேட்கும் சோதனைகள் அந்த அங்கீகாரப் பட்டியலில் உள்ளனவா என்றும் பாருங்கள். இதெல்லாம் முடியும்வரை கூட்டு ஒப்பந்தத்தில் கீழ்த்தளத்தை உறுதி செய்து கையெழுத்திட வேண்டாம். கிழக்குப் பாதியில் கீழ்த்தளமே வேண்டாம் என்ற முடிவுக்கு நீங்கள் இருதரப்பும் வர நேரலாம். கல்தண்டுப் பெட்டிகளை அடித்தளக் குழிகள் தோண்டி முடியும்வரை மனையிலேயே நிழலில் வைத்திருங்கள். ஒவ்வொரு குழியிலும் கான்கிரீட் போடும் முன் பொறியாளர் இறங்கி, குழியின் அடிமட்டத்தை அந்தப் பெட்டியோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு விதியாகச் சேர்த்துவிடுங்கள்.